அனுமதித்தல்: ஒரு வினையின் பொருளெல்லையும் திருவண்ணாமலை வழக்குகள் இரண்டும்

முன்னுரை

திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் உள்ள முத்துமாரியம்மன் கோயிலுக்குள் 2023 சனவரி 30 அன்று பட்டியலின மக்கள் சென்று வழிபட்டனர். இந்து சமய அறநிலையத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள அக்கோயிலுக்குள் பல பத்தாண்டுகளாக அவர்கள் செல்ல இயலாத நிலை இருந்தது. மாவட்ட நிருவாகமும் காவல்துறையும் உடன் நிற்க, அன்று அந்நிலை மாறியது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 2024 டிசம்பர் 13 அன்று, திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருவிழா நடைபெற்றது. அவ்வாண்டு பொதுமக்கள் மலையேறவில்லை. டிசம்பர் முதல் நாளில் பெருமழையால் மலையடிவாரக் குடியிருப்பில் நேர்ந்த மண்சரிவு எழுவரின் உயிரைக் கொண்டிருந்தது. வல்லுநர் குழு மலையை ஆய்ந்த பின்னர், கொப்பரை, நெய், திரி ஆகியவற்றைச் சுமந்து செல்வோரும் பணியாளர்களும் மட்டுமே மேலே சென்றனர்.

இவ்விரு நிகழ்வுகளும் தன்மையால் வேறுபட்டவை. ஆயினும் இன்றைய எழுத்துத் தமிழ் இரண்டையும் பெரும்பாலும் ஒரே வினையால் குறிக்கிறது. முன்னதில் மக்கள் கோயிலுக்குள் 'அனுமதிக்கப்பட்டனர்'. பின்னதில் மக்கள் மலையேற 'அனுமதிக்கப்படவில்லை'. சட்டத்தால் ஏற்கெனவே உரியதாக இருந்த ஒன்றை அடைந்தமையும், உயிர்க்காப்புக் கருதி ஓர் அதிகாரி விதித்த தற்காலிகத் தடையும் ஒரே சொல்லின் உடன்பாடாகவும் எதிர்மறையாகவும் நிற்கின்றன. இது சொற்சிக்கனத்தின் விளைவு மட்டுமன்று. 'அனுமதித்தல்' என்னும் வினை தன் பொருளெல்லையைக் கடந்து பரவியதால், உரிமைக்கும் சலுகைக்கும் இடையே மொழி காட்டவேண்டிய வேற்றுமை மங்கிவிட்டது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

சொல்லின் வழி

'அனுமதி' வடசொல். 'அனு' என்னும் முன்னொட்டும், எண்ணுதலைக் குறிக்கும் வினையடியிலிருந்து வந்த 'மதி' என்பதும் சேர்ந்தது. ஒருவர் எண்ணத்தோடு மற்றொருவர் எண்ணம் ஒத்துச் செல்லுதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். வேத மரபில் அனுமதி என்பது ஒரு பெண் தெய்வத்தின் பெயரும் ஆகும். வேள்வியை ஏற்றுக்கொள்ளும் தெய்வ இசைவின் உருவாக அத்தெய்வம் கருதப்பட்டது. நிலவு ஒரு கலை குறைந்து தோன்றும் முழுநிலா நாளுக்கும் அப்பெயர் உண்டு என்று வடமொழி அகராதிகள் குறிக்கின்றன. திங்களைக் குறிக்கும் தமிழ் 'மதி'யோடு இதனை இணைத்துக் காண்பது பொருந்தாது. அந்நாளில் படைக்கப்படுவதைத் தேவர்கள் உவந்து ஏற்பர் என்னும் நம்பிக்கையே பெயர்க்குக் காரணம். முழுநிலாத்தோறும் பதினான்கு கிலோமீட்டர் மலையைச் சுற்றி நடக்கும் மக்கள் திரளைக் காணும் ஊரில் இச்சொல்லின் இப்பழம்பொருள் நினைக்கத்தக்கது. ஏனெனில் அதில் மேலிருந்து கீழ்நோக்கி வழங்கும் அதிகாரம் முதன்மை பெறவில்லை. உளம் ஒத்தலே முதன்மை பெற்றது.

அதே வேரோடு தொடர்பற்றதாயினும் பொருளால் நெருங்கிய மற்றொரு வடசொல் 'அனுக்ஞை'. குடமுழுக்கு முதலிய சடங்குகளின் தொடக்கத்தில் இறைவனிடமும் ஆன்றோரிடமும் கேட்டுப் பெறும் இசைவு அது. இங்குக் கேட்பவர் சடங்கை நடத்தும் தகுதி உடையவர். அத்தகுதியை அனுக்ஞை உருவாக்குவதில்லை. செய்யப்போகும் செயலைப் பணிவோடு அறிவிப்பதும், அதற்கு உடன்பாடு பெறுவதுமே அதன் நோக்கம்.

தமிழ் தன் வேர்களிலிருந்து இக்கருத்தை வேறு வழிகளில் உணர்த்தியது. 'விடு' என்னும் வினையிலிருந்து பிறந்த 'விடை' மறுமொழியையும் குறிக்கும். புறப்படுவோர்க்கு அளிக்கும் இசைவையும் குறிக்கும். காளையைக் குறிக்கும் 'விடை' வேறு சொல். 'விடை கொடுத்தல்', 'விடை பெறுதல்' ஆகிய வழக்குகளில் பிடித்து வைத்திருப்பதைத் தளர்த்துதல் என்னும் கருத்து உள்ளது. 'இசைதல்', 'உடன்படுதல்', 'ஒப்புதல்', 'நேர்தல்' ஆகியவை இருவர் மனம் ஒன்றுபடுவதைச் சுட்டுவன. 'பணித்தல்', 'ஏவுதல்' ஆகியவை மேலோர் கட்டளையைச் சுட்டுவன. 'உத்தரவு' கட்டளையையும் குறித்தது. 'உத்தரவு வாங்கிக்கொள்கிறேன்' என்னும் வழக்கில் விடைபெறுதலையும் குறித்தது. இவற்றுக்கெல்லாம் மேலாக, 'வரலாம்', 'செல்லலாம்' என்னும் வினைமுற்று வடிவம் இசைவைக் கொடுப்பவர் ஒருவரைச் சுட்டாமலே இசைவை உணர்த்தியது. 'எல்லோரும் வரலாம்' என்னும் தொடரில் வாயிற்காப்போன் இல்லை. 'எல்லோருக்கும் அனுமதி உண்டு' என்றதும் வாயிலில் ஒருவர் வந்து நின்றுவிடுகிறார்.

இச்சொற்களின் பரப்பை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். தமிழில் இசைவைக் குறிக்கும் சொற்கள் குறைவுபட்டதால் 'அனுமதி' பரவவில்லை. பல சொற்கள் தனித்தனியே செய்துவந்த பணிகளை அது ஒன்றே ஏற்றுக்கொண்டது.

பொருள் விரிவும் ஆங்கில ஆட்சிமொழியும்

நிருவாகமும் நீதியும் கல்வியும் ஆங்கிலத்தில் நடந்த காலத்தில், ஆங்கிலத்தில் தனித்தனியே நின்ற பல சொற்களுக்கு அன்றாடத் தமிழ் 'அனுமதி' என்னும் ஒரே ஈட்டைக் கண்டது. 'பெர்மிஷன்' அனுமதியாயிற்று, 'அட்மிஷன்' அனுமதியாயிற்று, 'சாங்ஷன்', 'அப்ரூவல்', 'ஆத்தரைசேஷன்', 'கிளியரன்ஸ்' ஆகியனவும் இடத்திற்கேற்ப அனுமதியாயின. 'நோயாளி மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார்' என்னும் தொடர் இவ்விரிவின் எல்லையைக் காட்டும். நினைவிழந்த நிலையில் கொண்டுவரப்பட்டவர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. மருத்துவர் எவ்விருப்புரிமையையும் பயன்படுத்தி அவருக்குச் சலுகை தரவில்லை. சேர்த்துக்கொண்டனர் என்பதே பொருள். 'சேர்க்கப்பட்டார்' என்னும் எளிய சொல் இருக்கவும், கேட்டலும் கொடுத்தலும் இல்லாத ஓரிடத்தில் கேட்டலையும் கொடுத்தலையும் குறிக்கும் சொல் அமர்ந்துவிட்டது.

தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956 இல் நிறைவேறிய பின்னர் உருவான ஆட்சிச்சொல் முயற்சிகள் இக்குழப்பத்தை உணர்ந்தே வேறுபாடுகளை அமைத்தன. ஒப்புதல், இசைவு, ஒப்பளிப்பு, ஏற்பளிப்பு, உரிமம், தடையின்மைச் சான்று முதலிய சொற்கள் கோப்புகளில் இன்றும் வழங்குகின்றன. நிதி ஒதுக்கத்திற்கு ஒப்பளிப்பு வேண்டும். தொழில் நடத்த உரிமம் வேண்டும். அலுவலகக் கோப்பு இவ்வேறுபாட்டைப் பேணுகிறது. கோப்பிலிருந்து பொதுமக்களை நோக்கி வரும் அறிவிப்பும், அவ்வறிவிப்பை ஒட்டி எழும் செய்தித் தமிழும் அதனைக் கைவிடுகின்றன.

இதில் கூர்ந்து நோக்கவேண்டிய ஒன்று உண்டு. சட்டமன்றம் நிறைவேற்றிய முன்வரைவு ஆளுநரிடம் செல்லும்போது, 'ஆளுநர் ஒப்புதல் அளித்தார்' என்றே எழுதப்படுகிறது. 'ஆளுநர் அனுமதித்தார்' என்று எழுதுவோர் அரியர். அவ்விடத்தில் சொல்லின் தேர்வு அதிகாரப் பகிர்வைக் குறிக்கும் என்பதை எழுதுவோர் அறிவர். சட்டமன்றம் ஆளுநரிடம் அனுமதி கேட்டு நிற்கும் அமைப்பன்று என்னும் உணர்வு அங்கே மொழியில் செயற்படுகிறது. ஆட்சி அமைப்புகளுக்கு இடையே பேணப்படும் இந்நுண்மை, ஆட்சிக்கும் மக்களுக்கும் இடையே, அல்லது மக்களில் ஒரு பிரிவினர்க்கும் மற்றொரு பிரிவினர்க்கும் இடையே பேசும்போது மறைந்துவிடுகிறது.

கொடுப்போரும் எழுவாயும்

கொடுத்தலைக் குறிக்கும் வினைகளில் கொடுப்போர், கொள்வோர் நிலை பொதிந்திருக்கும் என்பதைத் தமிழ் இலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே கண்டது. இழிந்தோன் இரக்கும்போது 'ஈ' என்பதும், ஒப்போன் கேட்கும்போது 'தா' என்பதும், உயர்ந்தோன் கேட்கும்போது 'கொடு' என்பதும் உரிய சொற்கள் எனத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் வகுக்கிறது. பிற்கால வழக்கு இவ்வரையறையைப் பின்பற்றவில்லை. எனினும், கொடைவினை நடுநிலையானதன்று. அது கொள்வோரின் நிலையைத் தன்னுள் சுமந்து வருகிறது என்னும் நோக்கு இன்றும் பொருந்தும்.

'அனுமதி'யோடு இணையும் துணைவினைகளை இந்நோக்கில் காணலாம். பேச்சில் 'அனுமதி கொடுத்தார்கள்' என்பது இயல்பு. அறிவிப்பில் 'அனுமதி அளிக்கப்படுகிறது', 'அனுமதி வழங்கப்படுகிறது' என்பன இயல்பு. 'அளித்தல்' அருளோடும் காத்தலோடும் தொடர்புடைய சொல். 'வழங்குதல்' வள்ளன்மையோடு தொடர்புடையது. சட்டப்படி செய்யவேண்டிய கடமையொன்று இவ்வினைகளின் சேர்க்கையால் கொடையின் சாயலைப் பெறுகிறது.

செயப்பாட்டு வடிவம் இதனினும் பெரிய விளைவை உண்டாக்குகிறது. 'அனுமதி மறுக்கப்பட்டது' என்னும் தொடரில் மறுத்தவர் யார் என்பது இல்லை. தமிழில் செயப்பாட்டு வினை எழுவாயைக் கைவிட இடம் தருவதால், மறுப்பு மழையைப் போலத் தானாக நிகழ்ந்ததாகத் தோன்றுகிறது. பேச்சுத் தமிழ் இவ்வாறு மறைப்பதில்லை. 'அவங்க எங்கள உள்ள விடல' என்னும் தொடரில் தடுத்தவர் இருக்கிறார், தடுக்கப்பட்டவர் இருக்கிறார், தடுத்த செயல் இருக்கிறது. அதே செய்தி எழுத்துக்கு மாறும்போது 'ஆலயத்தினுள் அனுமதி மறுக்கப்பட்டு வந்தது' என்றாகிறது. தடுத்தவர் மறைந்தனர், தடுத்த செயல் ஒரு மறுப்பு முடிவாக உயர்ந்தது, தடுக்கப்பட்டவர் விண்ணப்பதாரர் ஆயினர்.

பழைய ஆவணத் தமிழோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு தெளிவாகும். கோனேரின்மைகொண்டான் என்னும் பெயரில் வரும் அரச ஓலைகள் கல்வெட்டுகளாக உள்ளன. கொங்கு நாட்டில் கம்மாளர்க்கு இரட்டைச் சங்கு ஊதவும், பேரிகை முதலியன கொட்டவும், வெளியே செல்லும்போது காலணி அணியவும், வீடுகளுக்குச் சாந்து பூசவும் உரிமை தந்த ஆணை அறிஞர் பலரால் எடுத்தாளப்பட்ட ஒன்று. இவ்வகை ஓலைகளில் ஆணை 'சொன்னோம்' என்னும் தன்மைப் பன்மை வினையால் முடிவது வழக்கம். காலணி அணியவும் அரசன் ஓலை தேவைப்பட்ட ஒரு சமூகத்தின் கொடுமை அக்கல்வெட்டில் வெளிப்படுகிறது, அதில் ஐயமில்லை. ஆனால் சொன்னவன் யார் என்பதை அது ஒளிக்கவில்லை. ஊர்ச்சபைகளும் தனியாரும் எழுதிக்கொடுத்த இசைவுத் தீட்டுகளிலும் இசைந்தோர் தம் பெயரோடு வருகின்றனர். முடியாட்சிக் கால ஆவணம் அதிகாரத்தின் முகவரியைக் காட்ட, குடியாட்சிக் கால அறிவிப்பு அதனை மறைப்பது முரணாகும்.

1939 முதல் 1947 வரை: ஒரு சட்டச் சொல்லின் பயணம்

கோயில் நுழைவு பற்றிய சட்டங்களின் வரலாறு இச்சிக்கலை நேரடியாக விளக்குகிறது. 1939 சூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் சென்றனர். அப்போது அதற்கு வழிவகுக்கும் சட்டம் இல்லை. உள்ளே சென்றோர் மீதும் அதற்கு உடன்பட்ட அலுவலர் மீதும் வழக்குகள் வரலாம் என்ற நிலையில் முதலில் அவசரச் சட்டமும் பின்னர்ச் சென்னை மாகாணக் கோயில் நுழைவு 'ஆத்தரைசேஷன்' மற்றும் 'இண்டெம்னிட்டி' சட்டமும் வந்தன. தலைப்பின் இரண்டு சொற்களும் கருதத்தக்கன. பின்னது, நடந்துவிட்ட செயலுக்குப் பாதுகாப்புத் தருவது. முன்னது, இனி நடப்பதற்கு வழி திறப்பது.

அவ்வழி யாருக்குத் திறக்கப்பட்டது என்பதே முதன்மையான வினா. 1939 ஆம் ஆண்டுச் சட்டம் கோயில் அறங்காவலர்க்கு அதிகாரம் அளித்தது. வழிபடுவோர் பொதுவாக எதிர்க்கவில்லை என்று அறங்காவலர் கருதினால், அரசின் ஒப்புதலோடு கோயிலைத் திறந்துவிடலாம். ஆக, சட்டம் அறங்காவலரை அனுமதித்தது. அறங்காவலர் மக்களை அனுமதிக்கலாம். விலக்கப்பட்டிருந்த மக்கள் இவ்வமைப்பில் வினையின் இறுதியில் நிற்கும் செயப்படுபொருள் மட்டுமே. 'அனுமதித்தல்' என்னும் வினை அதன் முழுப் பொருளோடும் இங்குப் பொருந்துகிறது. கொடுப்பவர் உண்டு, கொடாதிருக்கும் விருப்புரிமை உண்டு.

1947 ஆம் ஆண்டு நிறைவேறிய சென்னைக் கோயில் நுழைவு 'ஆத்தரைசேஷன்' சட்டம் தலைப்பில் பழைய சொல்லையே கொண்டது. உள்ளடக்கம் வேறாயிற்று. சாதியோ பிரிவோ எதுவாயினும் ஒவ்வோர் இந்துவும் எந்த இந்துக் கோயிலுக்குள்ளும் சென்று, மற்றவர் வழிபடும் முறையிலும் அளவிலும் வழிபட உரிமை உடையவர் என்று அச்சட்டம் கூறியது. இதற்கு மாறான வழக்கமோ மரபோ செல்லாது. இங்கு வினையின் எழுவாய் மாறிவிட்டது. வழிபடுவோரே எழுவாய், உரிமை உடைமையே பயனிலை. அறங்காவலரிடம் எஞ்சியது கோயிலின் ஒழுங்கையும் சடங்கு முறையையும் காக்கும் விதிகளை எல்லோர்க்கும் பொதுவாக வகுக்கும் அதிகாரம். 1950 இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 17 ஆவது உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. அதிலிருந்து எழும் எந்தத் தடையையும் செயற்படுத்துவது குற்றமாயிற்று.

எட்டு ஆண்டுகளில் சட்டம் அனுமதியிலிருந்து உரிமைக்கு நகர்ந்தது. அதன் தலைப்பு நகரவில்லை. தமிழில் அச்சட்டம் கோயில் நுழைவு அனுமதிச் சட்டம் என்றும் ஆலய நுழைவு அங்கீகாரச் சட்டம் என்றும் குறிக்கப்படுவதால், 1947 இன் உரிமை இன்றளவும் 1939 இன் சொல்லைச் சுமந்து நிற்கிறது. சட்டத்தின் தலைப்பை மட்டும் அறிந்தவர், மக்களுக்கு யாரோ அனுமதி கொடுத்தனர் என்றே கருதுவர். கொடுத்தது எதுவோ அதனைத் திரும்பப் பெறவும் கூடும் என்னும் எண்ணம் அதன் நிழலாக வரும்.

தென்முடியனூரும் தீபமலையும்

இப்பின்னணியில் முதலிற் குறித்த இரு நிகழ்வுகளையும் மீண்டும் நோக்கலாம். தென்முடியனூரில் 2023 இல் நிகழ்ந்தது அனுமதி அளித்தல் அன்று. அனுமதி அளிக்கும் அதிகாரம் 1947 முதல் அங்கு எவரிடமும் இல்லை. ஊரினரிடம் இல்லை, துறையிடமும் இல்லை. மாவட்ட நிருவாகமும் காவல்துறையும் செய்தது, சட்டத்துக்குப் புறம்பான தடையொன்றை நீக்கி, ஏற்கெனவே உள்ள உரிமையை நிலைநாட்டியது. 'தடை நீக்கப்பட்டது', 'உரிமை நிலைநாட்டப்பட்டது', 'வழிபட்டனர்' ஆகியவை நிகழ்வைச் சரியாகக் குறிப்பன. 'அனுமதிக்கப்பட்டனர்' என்பது, அதுவரை மறுத்தவர்களிடம் மறுக்கும் அதிகாரம் இருந்தது என்பதைச் சொல்லாமல் சொல்கிறது.

இதன் நுட்பம் எதிர்மறையில் மேலும் விளங்கும். 'அனுமதித்தனர்' என்றாலும் 'அனுமதிக்கவில்லை' என்றாலும், அனுமதிக்கும் அதிகாரம் உடையவர் என்னும் உட்கிடை மாறாமல் நிற்கிறது. ஆகவே சாதித் தடையைக் கண்டித்து எழுதுவோர்கூட 'இன்னும் அனுமதி மறுக்கப்படுகிறது' என்று எழுதும்போது, தாம் கண்டிக்கும் தரப்பினர்க்கு ஓர் அதிகாரத்தைத் தம்மை அறியாமலே வழங்கிவிடுகின்றனர். 'தடுக்கின்றனர்' என்னும் வினைக்கு இக்குறை இல்லை. வழியில் நின்று மறிப்பவனும் தடுக்கலாம். அதற்கு அதிகாரம் வேண்டியதில்லை.

தீபமலையின் நிலை வேறு. 2,668 அடி உயரமுடைய அம்மலை வனத்துறையின் பொறுப்பில் உள்ள காப்புக்காடு. தீபத் திருநாளில் குறிப்பிட்ட எண்ணிக்கையினர் மட்டும் சீட்டுப் பெற்று ஏறுவது 2024க்கு முந்தைய ஆண்டுகளில் நடைமுறையாக இருந்தது. மலையேற விடுவதற்கும் விடாமைக்கும் சட்டப்படியான அதிகாரம் இங்கு உண்டு. அவ்வதிகாரத்துக்கு மக்கள் உயிரைக் காக்கும் கடமை உண்டு. 2024 இல் அதற்கு மண்சரிவு என்னும் கண்கூடான காரணமும் இருந்தது. சாதியோ குலமோ நோக்காமல் பொதுமக்கள் எல்லோர்க்கும் ஒன்றாகவே அது விதிக்கப்பட்டது. 'அனுமதித்தல்', 'அனுமதி மறுத்தல்' ஆகிய சொற்கள் தம் முழுப் பொருளோடு பொருந்துமிடம் இதுவே. மலையேற முடியாத அடியார்கள் வருந்தினர் என்பது உண்மை. ஆயினும் அவ்வருத்தமும், கோயில் வாயிலில் பல பத்தாண்டுகள் நின்றவர்களின் அவமதிப்பும் ஒரே சொல்லால் சமன்செய்யத்தக்கன அல்ல. சொல் ஒன்றாக இருந்தால், நியாயமான ஒழுங்குமுறையும் சாதிக்கொடுமைபோல் ஒலிக்கும். சாதிக்கொடுமையும் ஓர் ஒழுங்குமுறைபோல் ஒலிக்கும். இரண்டாவது விளைவே கேடு மிகுந்தது.

'உரிமம்' காட்டும் முரண்

பொருள் மயக்கம் ஒருதிசையில் மட்டும் நிகழவில்லை. வண்டி ஓட்டுவதற்கு அரசு தரும் ஆவணம் தமிழ்நாட்டில் 'ஓட்டுநர் உரிமம்' எனப்படுகிறது. இலங்கையில் 'சாரதி அனுமதிப்பத்திரம்' எனப்படுகிறது. தனித்தமிழ் நோக்கில் முன்னது சிறந்தது. சட்டப்பொருள் நோக்கில் பின்னதே நெருக்கமானது. ஏனெனில் அவ்வாவணம் தேர்வு வைத்து, தகுதி கண்டு, காலவரையறையோடு தரப்படுவது. விதி மீறினால் நிறுத்திவைக்கவோ நீக்கவோ கூடியது. பண்பால் அது அனுமதி. 'உரிமம்' என்னும் சொல்லோ 'உரிமை'யின் உறவாகத் தோன்றுகிறது.

இரண்டையும் அருகருகே வைத்தால் தமிழ்நாட்டு வழக்கின் முரண் வெளிப்படும். திரும்பப் பெறத்தக்கதற்கு உரிமையின் சாயலுள்ள பெயர் அமைந்துள்ளது. திரும்பப் பெறவியலாததற்கு அனுமதி என்னும் பெயர் வழங்குகிறது. 'உரிமம்' நிலைபெற்றுவிட்ட நல்ல கலைச்சொல். அதனை மாற்றவேண்டிய தேவை இல்லை. ஆனால் உரிமைக்கு அனுமதி என்று பெயரிடும் வழக்கை மாற்றவேண்டிய தேவை உண்டு. முன்னது ஓர் ஆவணத்தின் பெயர். பின்னது மனிதரின் தகுநிலை பற்றியது.

எழக்கூடிய மறுப்புகள்

இதற்கு மூவகை மறுப்புகள் எழலாம். முதலாவது, இது வடசொல் நீக்கத்தின் மற்றொரு வடிவம் என்பது. அவ்வாறன்று. 'அனுமதி'யை நீக்கி எல்லா இடத்திலும் 'இசைவு' என்று எழுதினால், அதே மயக்கம் தமிழ்ச் சொல்லொன்றில் குடியேறும்; 'கோயிலுக்குள் செல்ல இசைவளிக்கப்பட்டது' என்பதிலும் கொடுப்போர் மேலும் கொள்வோர் கீழும் நிற்பர். சொல்லின் பிறப்பிடம் இங்குச் சிக்கலன்று. அது வேலை செய்யும் இடமே சிக்கல். தனக்குரிய இடத்தில் 'அனுமதி' நல்ல சொல்லே.

இரண்டாவது, வழக்காறே சொற்பொருளை உறுதிசெய்யும். மருத்துவமனை முதல் மலை வரை மக்கள் இச்சொல்லைப் புரிந்துகொள்ளும்போது மொழியியலார் தடைசொல்லல் ஆகாது என்பது. வழக்கின் வலிமையை மறுக்க இயலாது. ஆனால் வழக்கை விளக்குவது மட்டும் மொழியியலின் பணி. வழக்கில் எது மறைகிறது என்பதைக் காட்டுவதும் அப்பணியில் அடங்கும். மேலும் பேச்சு வழக்கு 'விடவில்லை' என்றே கூறுவதை மேலே கண்டோர்க்கு, இங்கு மாறவேண்டியது மக்கள் வழக்கன்று, எழுத்து வழக்கே என்பது விளங்கும்.

மூன்றாவது மறுப்பு ஆழமானது. சட்டம் எதைச் சொன்னாலும், நடைமுறையில் ஊர் ஆதிக்கத்தின் அனுமதி இன்றி உள்ளே செல்ல இயலவில்லை; எனவே 'அனுமதி மறுக்கப்பட்டது' என்பதே சமூக உண்மையைக் குறிக்கும் சொல் என்பது. இதில் உண்மை உண்டு. தடுத்தோர் தமக்கு அதிகாரம் உண்டு என்றே நம்பினர். ஆயினும் தடுத்தோரின் நம்பிக்கையைப் பதிவுசெய்வதும், அந்நம்பிக்கையைத் தன் மொழியாக ஏற்பதும் ஒன்றல்ல. 'தமக்கு அனுமதிக்கும் அதிகாரம் உண்டெனக் கருதிய தரப்பினர் தடுத்தனர்' என்று எழுதலாம். தொடர் நீளும், உண்மையும் தெளியும்.

முடிவுரை

'அனுமதித்தல்' என்னும் வினையைப் பயன்படுத்துமுன் மூன்று வினாக்கள் எழுப்பத்தக்கன. மறுக்கும் அதிகாரம் சட்டப்படி எவரிடமேனும் உண்டா? உண்டெனில், அவர் யார் என்பது தொடரில் இடம்பெற்றுள்ளதா? கொடுத்ததைத் திரும்பப் பெற அவருக்கு இயலுமா? மூன்றுக்கும் ஆம் என்னும் விடை கிடைக்குமிடத்தில் 'அனுமதி' தன் இடத்தில் உள்ளது. முதல் வினாவுக்கே இல்லை என்னும் விடை கிடைக்குமாயின், அங்கு நிகழ்வது உரிமையைப் பயன்படுத்தல் அல்லது உரிமைக்கு நேர்ந்த தடை. அதற்குரிய வினைகள் 'சென்றனர்', 'வழிபட்டனர்', 'தடுத்தனர்', 'தடை நீக்கினர்' என்பன. அரிய கலைச்சொல் எதுவும் இங்குத் தேவையில்லை.

அகராதி ஆக்குவோர் 'அனுமதி' என்னும் பதிவின்கீழ் சேர்க்கை, ஒப்புதல், இசைவு ஆகிய பொருள்களை வெறும் நிரலாகத் தராமல், கொடுப்போரின் விருப்புரிமை உண்டா இல்லையா என்னும் அடிப்படையில் பிரித்துக் காட்டுவது பயன்தரும். சட்டத் தமிழாக்கத்தில் ஈடுபடுவோர், 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குறிக்கும்போது அதன் உள்ளடக்கத்துக்கு ஏற்பக் 'கோயில் நுழைவு உரிமை' என்னும் விளக்கத்தையேனும் உடன் தரலாம். கோயில் நுழைவு வரலாற்றை ஆயும் மாணவர், தாம் மேற்கோளாகக் கொள்ளும் செய்தியின் வினையை அப்படியே தம் நடைக்குள் கொண்டுவராமல், அவ்வினையையும் ஆய்வுப் பொருளாகக் கொள்ளலாம்.

கார்த்திகைத் தீபத்தன்று மலையேற வருவோரிடம் 'இவ்வாண்டு அனுமதி இல்லை' என்று கூறலாம். மழையும் மண்ணும் அதற்குக் காரணம் தரும், அடுத்த ஆண்டு அது மாறவும் கூடும். கோயில் வாயிலில் நிற்பவரிடம் அதே சொல்லைக் கூறும் உரிமை எவர்க்கும் இல்லை. அவ்வுரிமை இல்லாதபோது அச்சொல்லும் அங்கு இருத்தல் ஆகாது.